பேஸ் மாடல் வாங்கி மாற்றுவதா, ஆஃப்-ரோடு மாடலே வாங்குவதா? பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம் எங்கள் நட்பு வட்டத்தில் முதலில் பிக்கப் வாங்கியவன் நான். அந்த ஒரே தகுதியால் மே மாதம் பிறந்தாலே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் டொயோட்டா டகோமாவை வைத்தே பேசியிருக்கிறேன், ஏனென்றால் கேட்பவர்களில் பாதிப் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற வண்டிகளைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

அண்ணா, ஆஃப்-ரோடு மாடல்னா உண்மையிலேயே என்ன கூடுதலா இருக்கு? ஸ்டிக்கர் மட்டும்தானா?

டகோமாவில் கீழிருந்து மேலே எஸ்ஆர், எஸ்ஆர்5, டிஆர்டி ஸ்போர்ட், டிஆர்டி ஆஃப்-ரோடு என்று போகும். அதற்கும் மேலே லிமிடெட், ப்ரோ, டிரெயில்ஹண்டர். பெரும்பாலானவர்களின் குழப்பம் எஸ்ஆர்5-க்கும் டிஆர்டி ஆஃப்-ரோடுக்கும் நடுவில்தான்.

ஸ்டிக்கரை விட்டுவிடுங்கள். ஆஃப்-ரோடில் கூடுதலாக வருபவை: பின் ஆக்சிலில் ஸ்விட்ச் போட்டால் பூட்டிக்கொள்ளும் லாக்கர், பில்ஸ்டைன் கம்பெனியின் ஷாக் அப்சார்பர், மணல், சேறு, பாறை என்று தரைக்குத் தக்கபடி பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மாற்றிக்கொள்ளும் மென்பொருள், நாம் பெடலைத் தொடாமலே ஆமை வேகத்தில் ஏறி இறங்கும் கிரால் கன்ட்ரோல். ஸ்போர்ட் என்பது தார்ச் சாலைக்கான வண்டி, அதில் லாக்கர் கிடையாது. முந்தைய தலைமுறை ஸ்போர்ட்டின் பானெட்டில் காற்று உள்ளே போவதுபோல ஒரு வாய் இருக்கும். அது வெறும் அலங்காரம், உள்ளே அடைத்துத்தான் இருக்கும். பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

லாக்கர் லாக்கர்னு எல்லாரும் சொல்றாங்க. அது அப்படி என்ன செய்யும்?

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடுவது டிஃபரன்ஷியலின் வேலை. தார்ச் சாலையில் இது இல்லாமல் முடியாது. கரட்டுப் பாதையில் இதே குணம் காலை வாரிவிடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது எவ்வளவு குறைந்த விசையில் சும்மா சுற்றுகிறதோ அதற்கு மேல் மறு சக்கரத்துக்கும் விசை போகாது. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதெல்லாம் அப்போது கணக்கே இல்லை. லாக்கர் இரண்டு சக்கரங்களையும் ஒரே கம்பியில் கோத்ததுபோலப் பூட்டிவிடும். தொங்குவது தொங்கட்டும், ஊன்றியது தள்ளும்.

கொலராடோவின் சான் ஹுவான் மலைகளில் ஆல்பைன் லூப் என்று சுமார் 65 மைல் நீளப் பாதை இருக்கிறது. லேக் சிட்டி, யூரே, சில்வர்ட்டன் மூன்று ஊர்களையும் இணைக்கும். அதில் 12,640 அடி உயரத்தில் சினமன் பாஸ். அங்கே ஏறும்போது நண்பரின் எஸ்ஆர்5 முன்னால், நான் பின்னால். ஒரு குறுக்குப் பள்ளத்தில் அவர் வண்டியின் இடது முன்சக்கரம் இறங்கியது, வலது பின்சக்கரம் தரையை விட்டு ஒரு ஜாண் எழும்பியது. அப்படியே நின்று மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. டயரின் பள்ளங்களில் ஒட்டியிருந்த சின்னக் கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதை என்னால் பார்க்க முடிந்தது. அப்புறம் சுற்றும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கும் மின்னணு ஏற்பாடு விழித்துக்கொண்டு கர்ர்ர் கர்ர்ர் என்று சத்தம் போட்டது. நான்கு முறை முக்கி, குதித்து, கடைசியில் ஏறிவிட்டார். அதே இடத்தில் நான் வண்டியை நிறுத்தி, லாக்கர் பட்டனை அழுத்தினேன். விளக்கு சிமிட்டியது. ஓரடி உருட்டியதும் அடியில் டக் என்றது, விளக்கு நிலையாக எரிந்தது. மாட்டுவண்டி மாதிரி நிதானமாக ஏறிப் போய்விட்டது.

ஆக, லாக்கர் இல்லாவிட்டால் போகவே முடியாது என்றில்லை, அவரும் ஏறினார். ஆனால் குதித்து ஏறும்போதுதான் பாகங்கள் உடையும்.

எஸ்ஆர்5 வாங்கி, மிச்சமாகிற காசுல எல்லாத்தையும் வெளியில மாட்டிக்கிட்டா லாபம்தானே?

விளம்பர விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இந்தத் தலைமுறை 2024 மாடலாக வந்தபோது எஸ்ஆர்5 சுமார் 36,000 டாலரிலும் ஆஃப்-ரோடு சுமார் 42,000 டாலரிலும் தொடங்கியது. ஆனால் அந்த 36,000 என்பது பின்சக்கர விசை மட்டும் உள்ள, சின்ன கேபின் வண்டி. அதே நாலு கதவு, அதே 4×4 (நான்கு சக்கரத்துக்கும் விசை) என்று சமமாக வைத்துப் பார்த்தால் இடைவெளி சில ஆயிரம்தான்.

இப்போது செலவைப் போடுங்கள். வெளிக்கடையில் லாக்கர் மாட்டுவது என்றால் பின் ஆக்சிலைத் திறந்து, பல்சக்கரங்களை எடுத்து, திரும்ப வைக்கும்போது அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை மானியில் அளந்து சரிசெய்ய வேண்டும். மயிரிழை பிசகினால் ஓடும்போது ஊளையிடும். பொருளும் கூலியுமாக 2,000 டாலரைத் தாண்டும். நல்ல ஷாக் நான்கு வாங்கினால் ஆயிரத்துக்கு மேல், மாட்டுக்கூலி, அலைன்மென்ட் தனி. இதிலேயே இடைவெளி கரைந்துவிட்டது. மென்பொருள் சமாச்சாரங்கள் இன்னும் வரவே இல்லை, வரவும் வராது.

இன்னொன்று. ஆஃப்-ரோடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வண்டிக் கடனோடு மாதத் தவணையில் போய்விடும். வெளியில் மாட்டுவதற்குக் கையிலிருந்து போகும், இல்லாவிட்டால் கிரெடிட் கார்டில் போகும். கார்டு வட்டியைச் சேர்த்தால் லாபக் கணக்கு தலைகீழ்.

அப்போ எதைக் கம்பெனியில வாங்கணும், எதை வெளியில வாங்கணும்?

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு ஒரு சனிக்கிழமையில் கழற்றி மாட்ட முடிந்ததை வெளியில் வாங்கலாம். வண்டியைப் பிரித்துப்போட்டால்தான் மாட்ட முடியும், அல்லது வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்பதைக் கம்பெனியிலேயே வாங்கிவிட வேண்டும்.

டயர், ஷாக், ஸ்பிரிங், வண்டியின் அடிவயிற்றைக் காக்கும் அடித்தகடு, கூடுதல் விளக்கு, சிக்கிய வண்டியைக் கம்பியால் இழுக்கும் வின்ச், ரூஃப் ரேக் எல்லாம் முதல் வகை. இதில் டயரும் ஷாக்கும் எப்படியும் தேய்ந்து போகிறவை. ஐந்து வருடத்தில் மாற்றப் போகிறோம் என்பதால் கம்பெனி எதைக் கொடுத்தாலும் பெரிய விஷயமில்லை. லாக்கர், விசையை முன்பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் 4×4 டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் கியர் விகிதம், கிரால் கன்ட்ரோல், எஞ்சின் திறன் இரண்டாம் வகை.

அடி மாடல்களில் முன்பம்பருக்குக் கீழே மைலேஜுக்காக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டி தொங்கும். பாறையில் முதலில் இடிப்பது அதுதான். அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். இதற்காக யாரும் மேல் மாடலுக்குப் போக வேண்டாம்.

எஸ்ஆர் இன்னும் சல்லிசா இருக்கே, அதையே வாங்கி மாத்தினா?

2024-இல் எஸ்ஆர் 31,500 டாலரில் தொடங்கியது என்பது உண்மை. ஆனால் அதே 2.4 லிட்டர் டர்போ எஞ்சினை அதில் 228 குதிரைத்திறனுக்கு அடக்கி வைத்திருக்கிறார்கள். எஸ்ஆர்5-இலிருந்து ஆட்டோமேட்டிக்கில் 278. எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி அந்த 50-ஐ மீட்கலாம் என்று சொல்லும் ஆட்கள் இருப்பார்கள். புகை விதி மீறல், வாரண்டி தகராறு இரண்டையும் சேர்த்து வாங்குகிறீர்கள். பின்னால் காயில் ஸ்பிரிங்கும் கிடையாது, பட்டை ஸ்பிரிங்தான். செங்கல் ஏற்றுகிறவருக்கு அது நல்லது, குடும்பத்தோடு மலையேறுகிறவருக்கு இடுப்பு வலி.

குழந்தை இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் தலைமுறையின் எக்ஸ்ட்ராகேப் என்ற சின்ன கேபின் வண்டியில் பின் இருக்கையே கிடையாது, சாமான் வைக்கும் இடம்தான். ஒரு நண்பர் முன்பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து போட்டோ காட்டினார். "கார் சீட் எங்கே வைப்பீர்கள்?" என்று அவர் மனைவி கேட்டார். மறுநாளே ரத்து.

இப்ப பின்சக்கர விசை மட்டும் இருக்கிற 4×2 வாங்கிட்டு, பின்னாடி வசதி வரும்போது 4×4 ஆக்கிக்கலாமா?

வேண்டாம். அது மாற்றம் இல்லை, பாதி வண்டியைப் புதிதாகக் கட்டுவது. விற்றுவிட்டு 4×4 வாங்குவது மலிவு.

வண்டியை உயரமாத் தூக்கி வைக்கிற லிஃப்ட் கிட் போட்டா எந்தப் பாறையையும் தாண்டிடும்ல?

லிஃப்ட் உயர்த்துவது உடம்பையும் சேசிஸையும். பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அது சக்கரங்களோடு பிணைந்த ஒரே துண்டு. அதை உயர்த்தக் கூடியது பெரிய டயர் மட்டுமே. லிஃப்டால் கிடைக்கும் நிஜ நன்மை, பள்ளத்தில் இறங்கும்போதும் ஏறும்போதும் பம்பர் இடிக்காமல் இருப்பது, பெரிய டயருக்கு இடம் கிடைப்பது.

இருநூறு முந்நூறு டாலருக்குக் கிடைக்கும் ஸ்பேசர் என்பது முன் ஷாக்கின் தலையில் வைக்கும் ஒரு கட்டை. வண்டி உயரமாகத் தெரியும். ஆனால் முன்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் தண்டின் கோணம் கூடி, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். ஷாக்கின் பயண தூரம் ஒரு மில்லிமீட்டரும் அதிகரிக்காது. மூன்று அங்குலத்துக்குப் பக்கத்தில் போனால் மேல் கன்ட்ரோல் ஆர்மையும் (முன்சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் மேல்கை) மாற்றாமல் அலைன்மென்ட் சரியாக நிற்காது. ஒரு கடையில் எனக்கு ஸ்பேசர் மட்டும் போட்டு அலைன்மென்ட் "ஓகே" என்று அனுப்பினார்கள். எட்டாயிரம் மைலில் முன் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை. அந்த டயர் விலையில் உருப்படியான ஷாக்கே வாங்கியிருக்கலாம்.

சரி, 33 இஞ்ச் டயர் மட்டும் போட்டுக்கிறேன். அதுல என்ன பிரச்சினை?

பிரச்சினை என்று இல்லை, கணக்கு தெரிந்து போடுங்கள். பலரும் செய்வது 265/70-17 டயரை எடுத்துவிட்டு 285/70-17 போடுவது. விட்டத்தில் வித்தியாசம் 28 மில்லிமீட்டர். தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்.

அந்தச் சுண்டுவிரலுக்காக என்னென்ன வருகிறது என்று பாருங்கள். மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 62-இல் போவீர்கள். டயர் கனம், மைலேஜ் இறங்கும். ஆக்சிலில் கியர் விகிதம் பழைய டயருக்கானது, ஐ-70 நெடுஞ்சாலை ஏற்றத்தில் கியர் அடிக்கடி மாறும். முந்தைய தலைமுறை டகோமாவில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கேபினைச் சேசிஸோடு பிணைக்கும் பிடிமானத்தில் டயர் உரசும், அதைச் சிலர் வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டும், அது அடியில் இருக்கும் இடத்தில் உட்காருமா என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) போட்டு, மண் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 35 பிஎஸ்ஐ-இலிருந்து 20-க்குக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையைக் கவ்விப் பிடிப்பதும் உள்ளே குலுக்கல் பாதியாவதும் உடனே தெரியும். இதற்குத் தேவை காற்று அளக்கும் மானியும், திரும்பி வரும்போது நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரசரும். மொத்தச் சாமான்களிலும் காசுக்குப் பலன் அதிகம் தருவது இதுதான் என்பேன்.

எனக்கு மலையெல்லாம் வேண்டாம், பனிக்காலத்துக்குத்தான். ஆஃப்-ரோடு மாடல் தேவையா?

தேவையில்லை. பனிச்சாலையில் லாக்கரைப் போட்டால் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும், திரும்பாது. பனிக்கு வேண்டியது 4×4-உம், பக்கவாட்டில் மூன்று மலைமுகடும் நடுவில் பனிப்பூவும் பொறித்த டயரும். அதிலும் 4×4 உதவுவது கிளம்பும்போதுதான், நிற்கும்போது நான்கு டயர்தான் துணை. கொலராடோவில் ஐ-70-இன் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை இழுவை விதி உண்டு. 4×4 வைத்திருந்தாலும் டயரில் 3/16 அங்குலம் பள்ளம் இருக்க வேண்டும். எஸ்ஆர்5 4×4 வாங்கி, நல்ல டயருக்குச் செலவு செய்யுங்கள்.

வெளியில ஏதாவது மாட்டினா மொத்த வாரண்டியும் போயிடும்னு டீலர் சொல்றாரு. நிஜமா?

நிஜமில்லை. அமெரிக்காவின் 1975-ஆம் வருட மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் மாட்டியிருப்பதை மட்டுமே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பொருளால்தான் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். நீங்கள் விளக்கு மாட்டியிருந்தால் கியர்பாக்ஸ் வாரண்டியில் கைவைக்க முடியாது.

ஆனால் மேலே சொன்ன ஸ்பேசரை மாட்டிவிட்டு முன்சக்கரத் தண்டு உடைந்தது என்று போய் நின்றால், தொடர்பு கண்ணுக்குத் தெரிகிறது. வாதாடலாம், வெல்வது கஷ்டம். டொயோட்டாவின் பொது வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். பின் ஆக்சிலைப் பிரித்து வெளி லாக்கர் வைத்தால் அந்த ஐந்து வருடப் பாதுகாப்பில் ஒரு பெரிய துண்டை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். கம்பெனி லாக்கர் கெட்டால் அவர்கள் பாடு.

முன்னாடி இரும்பு பம்பர், மேல லைட் பார் போட்டா இந்த ரேடார் கேமரா எல்லாம் வேலை செய்யுமா?

சும்மா மாட்டினால் சந்தேகம்தான். முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகப் பிரேக் பிடிக்கும் ரேடார் முன்முகப்பில் இருக்கிறது, கேமரா கண்ணாடியின் மேல் விளிம்பில். வின்ச்சோ விளக்கோ ரேடாரின் பார்வையை மறைத்தால் டாஷ்போர்டில் எச்சரிக்கை எரியும். எரிந்தால் பரவாயில்லை, தெரிந்துவிடும். லிஃப்ட் போட்டு மூக்கைத் தூக்கியபின் கேமரா தவறான கோணத்தில் பார்ப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வருட மாடலுக்கென்றே செய்த பம்பரை வாங்குங்கள், வேலை முடிந்ததும் சென்சாரைச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள். எதிரே வருகிறவர் சாபம் வேண்டாம்.

மேல டென்ட், முன்னாடி வின்ச், பின்னாடி டிராயர், எல்லாம் தாங்கும்தானே? பிக்கப் ஆச்சே!

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். வாங்கும் முன் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு வண்டிக்கும் வேறுபடும். மேல் மாடலில் வசதிகளின் எடையே கூடுவதால் இந்த எண் பெரும்பாலும் குறைவாக இருக்கும். பேஸ் மாடல் ஜெயிக்கும் இடங்களில் இது ஒன்று.

எடுத்துக்காட்டுக்கு ஸ்டிக்கர் 1,150 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பெரியவர்கள் 680. கூரை டென்ட் 150. இரும்பு பம்பரும் வின்ச்சும் 200. தண்ணீர், அடுப்பு, ஐஸ்பெட்டி, அரிசி, குழம்புப் பாத்திரம் 200. ஆயிற்று 1,230. இன்னும் நாற்காலி ஏற்றவில்லை. கனமான ஸ்பிரிங் போட்டால் பின்பக்கம் தொங்காது, நிமிர்ந்து நிற்கும். ஆனால் ஸ்டிக்கரில் உள்ள எண் மாறாது. பிரேக்கும் ஆக்சிலும் அதே பழையவைதானே.

இன்சூரன்ஸ், ரீசேல் ரெண்டுலயும் எது நல்லது?

இரண்டிலும் கம்பெனி மாடல். ஆஃப்-ரோடு வேரியண்ட் என்பது வண்டியின் கம்பெனி விவரத்திலேயே இருக்கும், இன்சூரன்ஸ் அதற்கேற்ற மதிப்பைத் தரும். நீங்கள் மாட்டியவை தனியாகச் சொல்லி, அதற்கென்று கூடுதல் கவரேஜ் எடுத்தால்தான் கணக்கில் வரும். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

விற்கும்போது, நாலாயிரம் டாலருக்கு மாட்டியதற்கு வாங்குகிறவர் நாலு பைசா தரமாட்டார். "எங்கெல்லாம் போட்டு அடித்தானோ" என்று சந்தேகம் வேறு படுவார். கழற்றிய பழைய ஷாக், சக்கரங்களைத் தூக்கிப் போடாமல் கராஜில் வையுங்கள். விற்பதற்கு முன் திரும்ப மாட்டிவிட்டு, நல்ல சாமானைத் தனியே விற்றால் கொஞ்சம் தேறும். லீஸ் வண்டி என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

அப்படின்னா ஒரேயடியா ப்ரோ, டிரெயில்ஹண்டர் வாங்கிடலாமே?

காசு இருந்தால் உங்கள் விருப்பம். டிரெயில்ஹண்டர் ஒரு வேடிக்கையான வண்டி. அதில் ஓல்ட் மேன் எமு ஷாக், ஏஆர்பி பின்பம்பர், ரிஜிட் விளக்கு. நாம் எந்தக் கடைகளில் வாங்கி மாட்டுவோமோ அவர்களிடமே டொயோட்டா வாங்கி, மாட்டி, வாரண்டியோடு விற்கிறது. ஒன்றுக்கும் மெனக்கெட நேரமில்லாத ஆளுக்கு அது சரியான வழி.

ப்ரோவில் முன் இருக்கைக்கே ஷாக் அப்சார்பர் வைத்திருக்கிறார்கள். பாலைவனத்தில் பறக்கிறவருக்கு உதவலாம். அந்த இருக்கையின் முதுகு பின்னால் இருப்பவரின் கால் இடத்தைத் தின்கிறது, எங்கள் வீட்டில் பின்னால் உட்காருவது மாமனார். இரண்டுமே 326 குதிரைத்திறன் ஹைப்ரிட்டாக மட்டும்தான் வருகின்றன. டிஆர்டி ஆஃப்-ரோடு வாங்கி, மிச்சத்தில் டயரும் கம்ப்ரசரும் வாங்கி, யூட்டா மாநிலத்தில் கரட்டுப் பாதைகளுக்குப் பேர்போன மோவாபுக்குப் பத்து முறை போய்வரலாம்.

மத்த கம்பெனி வண்டிக்கும் இதே கணக்குதானா?

அளவுகோல் அதேதான், பெயர்களில்தான் பொறி. நிசான் ஃப்ரன்டியரில் ப்ரோ-எக்ஸ், ப்ரோ-4எக்ஸ் என்று இரண்டு உண்டு. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, இரண்டிலும் பில்ஸ்டைன் ஷாக். ப்ரோ-எக்ஸ் 4×2, லாக்கர் கிடையாது. ப்ரோ-4எக்ஸ்தான் 4×4-உம் லாக்கரும் உள்ளது. எந்த வண்டியானாலும் விற்பனையாளரிடம் "லாக்கர் பட்டனைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பேச்சு உடனே தெளிவாகிவிடும்.

கம்பெனி மாடலை வாங்க வேண்டும் என்பதற்குச் சரியான உதாரணம் ஜீப் கிளாடியேட்டர் ரூபிகான். முன், பின் இரண்டு ஆக்சிலிலும் லாக்கர், ஆமை வேகத்தில் வலுவாக ஏற 4:1 லோ கியர், பட்டனில் கழலும் முன் ஸ்டெபிலைசர் கம்பி, 33 அங்குல டயர். ஸ்போர்ட் மாடலை வாங்கி இதையெல்லாம் சேர்ப்பது வீட்டை இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

பழைய டிஆர்டி ஆஃப்-ரோடா, புது எஸ்ஆர்5-ஆ? ரெண்டும் ஒரே விலைக்கு வருது.

மலைக்குத்தான் என்றால் பழைய ஆஃப்-ரோடு. 2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறையில் 3.5 லிட்டர் வி6, டர்போ கிடையாது, பழுது பார்க்கத் தெரியாத மெக்கானிக்கே இல்லை. மேனுவல் கியர் வண்டியில் கிரால் கன்ட்ரோல் வராது, லாக்கர் வரும்.

பார்க்கும்போது ஒரு காலி மண் மைதானத்தில் 4-லோ (நான்கு சக்கர விசையின் மெதுவான கியர்) போட்டு, லாக்கரைப் போட்டு, மெதுவாக வளைத்து ஓட்டுங்கள். விளக்கு நிலையாக எரிய வேண்டும், பின்சக்கரங்கள் முரண்டு பிடித்து மண்ணைக் கீற வேண்டும். வருடக்கணக்கில் போடாமலே விட்ட லாக்கர் துருவேறி இறுகிக் கிடக்கும். அடியில் படுத்துச் சேசிஸைப் பாருங்கள், குறிப்பாக உப்புப் போடும் மாநிலத்து வண்டி என்றால். 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களின் சேசிஸ் துருவுக்காக டொயோட்டா பெரிய வழக்கில் சமரசம் செய்தது. அந்த வருடங்களை நான் தொடவே மாட்டேன்.

ஊர்ல எங்க அண்ணன் ஹைலக்ஸ் பார்க்கிறார். அவருக்கும் பேஸ் வாங்கி மாத்துன்னு சொல்லலாமா?

சொல்லாதீர்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்னால் இரும்புக் கிராஷ் கார்டு போடுவதை அதற்கு முன்பே, 2017 டிசம்பரில், மத்திய அரசு தடுத்தது. அங்கே வேண்டியதெல்லாம் ஷோரூமிலிருந்தே வர வேண்டும்.

அண்ணா, நான் ஏற்கனவே எஸ்ஆர்5 4×4 வாங்கிட்டேன். இதைப் படிச்சு வயித்தைக் கலக்குது. இப்ப என்ன பண்றது?

ஒன்றும் ஆகிவிடவில்லை. என்னோடு சினமன் பாஸ் ஏறியவரும் அதே வண்டிதான் வைத்திருக்கிறார், இன்னும் வருகிறார். முதல் வருடம் டயர் காற்று மானி, கம்ப்ரசர், இழுவைப் பட்டை, வண்டியை மாட்டி இழுக்கச் சரியான கொக்கி, இவ்வளவு மட்டும் வாங்குங்கள். இழுக்கும்போது டிரெயிலர் உருண்டையில் பட்டையை மாட்டவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் குண்டு மாதிரி பாயும், ஆள் போயிருக்கிறார்கள்.

கம்பெனி டயர் தேய்ந்ததும் ஆல்-டெரெய்ன். ஷாக் கசிய ஆரம்பித்ததும் நல்ல ஷாக், கடையில் சொல்லும் மூன்று அங்குலம் வேண்டாம், ஒன்றரை போதும். அடித்தகடு எப்போது வேண்டுமானாலும். லாக்கரை மட்டும் தள்ளிப் போடுங்கள். இரண்டு கோடை ஓட்டியபின், எத்தனை முறை சக்கரம் அந்தரத்தில் தொங்கி முக்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை என்றால் விட்டுவிடலாம். ஒவ்வொரு பயணத்திலும் என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், பல்சக்கர இடைவெளியை ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஒரு பெரியவர் கடை எனக்குத் தெரியும். வியாழக்கிழமை மட்டும் திறக்க மாட்டார்.